அறுபதாம் கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் அப்பா போனார். இனி எதை நம்புவது?

குழாய்க்காரர் மகன்:
அப்பாவுக்கு அறுபது நிறைந்தபோது ஆயுஷ் ஹோமம், கலசாபிஷேகம், அம்மாவுக்கு மறுபடி தாலி என்று எல்லாம் செய்தோம். எந்தக் கோயில் என்பது வேண்டாம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சாமி, ஆயுள் கூடும் என்றார்கள். நாலாம் மாதம் மாரடைப்பு. சாமி மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, அங்கே யாருமே இல்லை என்று தோன்றிவிட்டது. நல்லது செய்தால் நல்லது நடக்கும், செத்தவர்களை மேலே பார்க்கலாம் என்ற இரண்டும் போன பிறகு, காலையில் எழுந்து பல் தேய்க்கவே காரணம் தேட வேண்டியிருக்கிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநீறு:
அப்பாவுக்கு என் அஞ்சலி, தம்பி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் செய்தது பக்தி இல்லை, டெபாசிட். வட்டி வரவில்லை என்றதும் பேங்க்கே கிடையாது என்கிறீர்கள்.

குழாய்க்காரர் மகன்:
டெபாசிட் போடச் சொன்னது யார் சார்? இன்ன ஹோமத்துக்கு இவ்வளவு, பலன் ஆயுள் விருத்தி என்று போர்டில் எழுதி மாட்டியது நானா?

கணக்கு வாத்தியார்:
திருநீறு ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த டெபாசிட் கணக்கு மதத்துக்குள்ளேயே இருக்கிறது, தம்பி கண்டுபிடித்தது இல்லை. புறநானூறு 134-இல் முடமோசியார் ஆய் வள்ளலைப் புகழும்போது, இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் இவன் என்கிறார். அப்போதே இந்த வியாபாரம் நடந்திருக்கிறது, அதைக் கேலி செய்யவும் ஆள் இருந்திருக்கிறது.

214-ஆம் பாட்டு இன்னும் நெருக்கம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிந்தபோது பாடியது. நல்வினை செய்தால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அது இல்லையென்றால் மறுபிறப்பு இல்லாமல் போகலாம். அதுவும் இல்லையென்றால் புகழையாவது நட்டுவிட்டுச் சாகலாம் என்கிறான். வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, மிச்சத்தில் நிற்கிறான்.

குழாய்க்காரர் மகன்:
சார், அவன் ராஜா. இமயம் மாதிரிப் புகழ் என்று பாடலாம். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்த ஆளுக்கு என்ன மிச்சம்?

மொட்டைமாடி:
நான் சாமி நம்பிக்கையை விட்டு பதினொரு வருஷம் ஆகிறது. அர்த்தம் தேடி ஒரு வருஷம் என்னென்னவோ படித்தேன், தலைவலிதான் மிச்சம். உண்மையில் என்னைப் படுத்தியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயிலுக்குப் போகும் நேரம் அது. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டால் எங்கே போவது? இப்போது அந்த நேரத்தில் அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குப் போகிறேன். மாத்திரையை டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைப்பேன். தப்பாக வைத்தேன் என்று தினுசு தினுசாகத் திட்டுவார். புண்ணியம் ஒன்றும் இல்லை, போகாவிட்டால் திங்கட்கிழமை பிரஷர் மாத்திரை இரண்டாக விழுங்கிவிடுவார்.

திருநீறு:
அம்மா, கோயில் கொடுத்ததும் அதைத்தானே? போக ஓர் இடம், காத்திருக்க நாலு பேர். வாத்தியார் ஐயா பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். புகழ் போதும் என்று பாடிய அதே சோழன், பிசிராந்தையார் வருவார், அவருக்குப் பக்கத்தில் இடம் விடுங்கள் என்று சொல்லவில்லையா? அதுவரை நேரில் பார்த்தே இராத நண்பன். நம்பினான், வந்தார். இதற்கு என்ன பெயர்?

கணக்கு வாத்தியார்:
நட்பு என்று பெயர். வந்தவர் மனுஷன் ஐயா!

திருநீறு:
வரும்வரைக்கும் அது நம்பிக்கைதானே?

கணக்கு வாத்தியார்:
சரி, அது ஒரு நல்ல அடி. ஆனால் பிசிராந்தையார் வருவதற்குக் கட்டண போர்டு இல்லை.

குழாய்க்காரர் மகன்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பார். இந்த முறை அவருக்குக் காய்ச்சல், நான் மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா போட்ட குழாய் வளைவு. ஒரு சொட்டுக் கசிவில்லை. கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருநீறு:
பார்த்தீர்களா, சோறு வைத்தீர்கள்! நம்பிக்கை எங்கேயும் போகவில்லை.

குழாய்க்காரர் மகன்:
இல்லை சார். காக்கை கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோக முடியுமா?