மென்சீஸ் வக்கீலா இருந்தப்ப எப்படி?

கேள்வி: ஆஸ்திரேலியால ரொம்ப காலம் பிரதமரா இருந்த ராபர்ட் மென்சீஸ் முதல்ல வக்கீல்னு படிச்சேன், அந்த வக்கீல் வாழ்க்கை அரசியல்ல உதவுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: உதவாமலா! 1920-ல எஞ்சினியர்ஸ் கேஸ், அதாவது மத்திய தொழிலாளர் சட்டம் மாநில அரசு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துமான்னு நடந்த வழக்கு. வயசு 25 தான், தொழிற்சங்கத்துக்காக ஹைகோர்ட்ல (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) நிக்கிறாரு. வாதம் அபத்தமா இருக்கேன்னு ஒரு நீதிபதி கேட்க, ஆமாங்கய்யா, உங்க பழைய தீர்ப்புகள்தான் என்னை இப்படி பேச வைக்குதுன்னாராம், அவரே பின்னாடி சொன்னது. அப்புறம் அந்த தீர்ப்புகளையே எதிர்த்து வாதாட விட்டாங்க, ஜெயிச்சாரு, மத்திய அரசோட அதிகாரமும் நல்லா விரிஞ்சுது. எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டம் இது.

பதில் 2: அண்ணே சொன்னது சரி, ஆனா பிரதமரா இருந்தப்ப அதே கோர்ட்ல அடியும் வாங்கினாரு. கம்யூனிஸ்ட் கட்சிய தடை பண்ணி 1950-ல கொண்டுவந்த சட்டம் 1951-ல நீதிபதிகள் 6-1னு தீர்ப்பு சொல்லி செல்லாம போச்சு, விடாம வாக்கெடுப்பு வெச்சாரு, மக்களும் வேணாம்னுட்டாங்க. சட்டம் படிச்சவரு அதை கொண்டுவந்திருக்கவே கூடாதுங்க.

பதில் 3: 1941-ல சொந்த ஆளுங்க ஆதரவே இல்லாம பிரதமர் பதவிய விட்டு விலகினவரு, 1944-ல லிபரல் கட்சிய உருவாக்கி, 1949-ல திரும்ப வந்து 1966 வரைக்கும் இருந்தாரு. நடுவுல பதவி இல்லாத அந்த எட்டு வருஷத்த பத்தி தேடிப் படிங்க.