தன் பெரியம்மா பிழைப்பைச் சொன்னால் "ஃபாலசி" (வாதப் பிழை) என்கிறான் சித்தப்பா மகன். நான் பேசியதில் எது பிழை?

பூச்சரம்:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகளிர் இலவசப் பேருந்து பற்றிப் பேச்சு வந்தது. "ஓசியில் ஊர் சுற்றத்தான் இந்தத் திட்டம்" என்று எழுதினான் சித்தப்பா மகன். என் அம்மா விடியுமுன் ஒத்தக்கடையில் டவுன் பஸ் ஏறி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், ஈரச் சாக்கில் சுற்றிய பூவோடு திரும்புகிறவர். 2021 மே வரை டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் இப்போது சீட்டுக் கட்டுகிறார். "தம்பி, உன் பெரியம்மாவைப் பார்" என்று இதைச் சொன்னேன். "அனெக்டோட்டல் ஃபாலசி" என்றான், ஒருவர் கதையை வைத்துப் பொதுவாக வாதாடும் பிழையாம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்ற மாநிலத் திட்டக்குழு ஆய்வைச் சொன்னேன். "அப்பீல் டு அத்தாரிட்டி" என்றான், பெரிய இடத்தின் பெயரைச் சொல்லியே வாதாடும் பிழையாம். கோபத்தில், "நீ என்றைக்காவது டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். "அட் ஹோமினம்" என்றான், வாதத்தை விட்டு ஆளைத் தாக்கும் பிழையாம். அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. அம்மா என் போனைப் பார்த்துவிட்டு, "நான் பொய் சொல்றேன்னு சொல்றானா?" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. நான் பேசிய மூன்றும் பிழைதானா?

பழைய_வாத்தியார்:
உங்கள் சித்தப்பா மகன் பேச்சில் ஒரு "தான்" இருக்கிறது, கவனியுங்கள் அம்மா. ஊர் சுற்றத்தான் என்றால் வேறு எதற்கும் இல்லை என்று பொருள். அதை உடைக்க உங்கள் அம்மா ஒருவரே போதும். எல்லாப் பெண்களுக்கும் மிச்சமாகிறது என்று நீங்கள் வாதாடியிருந்தால்தான் ஒருவர் கதை போதாது.

கணக்கெடுத்தவர்களைச் சுட்டுவதும் பிழையில்லை. யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். அரசுத் திட்டத்தை அரசு அமைப்பே ஆய்வு செய்ததால் அது நியாயமான கேள்வி. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லையே!

மூன்றாவதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. பஸ்ஸில் ஏறாதவர் சொன்னாலும் சரியானது சரிதான். அதை மட்டும் வாபஸ் வாங்கிவிடுங்கள்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி (நிறுவ வந்த கருத்தில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று வாதப் பிழைகளை வகை பிரிக்கிறார். பெயரோடு விடாமல், ஒவ்வொன்றிலும் எது எங்கே இடறுகிறது என்று எடுத்துக்காட்டி விளக்குகிறார். தன் பக்கம் எதையும் நிறுவாமல் அடுத்தவர் பேச்சை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது: விதண்டாவாதம்.

டிப்போ_மகன்:
நான் எதிர்ப்பக்கம். அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டம் என்னாகும் என்று ஒரு குழுவில் கேட்டேன். "ஸ்ட்ரா மேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். யாரோ சொல்லாததை அவர் சொன்னதாகத் திரித்து அடிப்பதுதான் அந்தப் பிழையாம். நான் யார் பேச்சைத் திரித்தேன்? இன்றுவரை தெரியாது. இந்தப் பயணங்களுக்கு அரசு கழகங்களுக்கு மானியம் தருகிறது என்று சொல்லியிருந்தால், அது போதுமா, நேரத்துக்கு வருகிறதா என்று பேச்சு நகர்ந்திருக்கும். அப்பாவின் ஓய்வூதியம் சம்பந்தப்பட்ட விஷயம், எனக்கு அது விளையாட்டில்லை.

பூச்சரம்:
நன்றி ஐயா. பஸ் கேள்வியை வாபஸ் வாங்கிவிட்டு, "அந்தத் 'தான்' எங்கிருந்து வந்தது தம்பி?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டான், பதில் இன்னும் இல்லை. டிப்போ_மகன், மானியக் கணக்கை நானும் தேடிப் படிக்கிறேன், அதற்கு எங்கள் குழுவிலும் யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம், உன்னைப் பொய் என்று அவன் சொல்லவில்லை என்று விளக்கிப் பார்த்தேன். "அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்ல சொன்னான்?" என்கிறார்.