12.30 மணிக்குப் பள்ளி விட்டபின் பிள்ளையை எங்கே விடுவது?

தாராவி அம்மா:
வணக்கம். என் மகன் மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியொன்றில் காலை ஷிப்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். 12.30 மணிக்குப் பள்ளி விட்டுவிடுகிறது. நான் அந்தேரியிலிருந்து வீடு வந்து சேர ஏழு மணியாகிறது. இதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட மாமியார் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டதால், பக்கத்துச் சந்தில் அக்கா ஒருவர் நடத்தும் டியூஷனில் சேர்த்திருக்கிறேன். நேற்றுச் சீக்கிரமாகப் போனபோது, இருபது பிள்ளைகளுக்கு நடுவில், பிடித்த பென்சிலை விடாமல் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாலை வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டதற்கு, பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் பள்ளியின் வேலை என்று சொல்லிவிட்டார். அது சரிதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பாதி சரி, அம்மா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் வருகிறது. ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதை 28ஆம் பிரிவு தடுத்திருப்பதால், அந்த வழியும் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு பாடத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகக் குழந்தையின் முழுமையான வளர்ச்சியைச் சொல்கிறது. அதைத் தலைமையாசிரியர் மறந்துவிட்டார் போலும்.

அங்கன்வாடியும் மத்திய அரசின் ‘பால்னா’ காப்பகங்களும் ஆறு வயதோடு நின்றுவிடுவதால், உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நாதியில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிற்பகல் ஷிப்டு நடந்தாலும் ஓர் அறை மிஞ்சுகிறதா என்று முதலில் பாருங்கள். மிஞ்சினால், பெற்றோர் சேர்ந்து சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்த அனுமதி வேண்டுமென்று அந்தக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் அடுத்த கூட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

செம்பூர் காப்பகம்:
பத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். காலை ஷிப்டுக்காக ஐந்தரை மணிக்கே எழுந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது சோறும் ஒரு மணி நேரத் தூக்கமும்தான். அதன்பின் விளையாட்டு, பொழுது சாயும் நேரத்தில் தமிழில் ஒரு கதை. 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. அப்படியிருக்க, அந்தப் பென்சில் எதற்கு?

சயான் வாசி:
டியூஷன் அக்காவைக் குறை சொல்வது எளிது. தாய்மார்களே நான்கு பக்கம் எழுத வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுதாவிட்டால் மறுமாதம் பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

தாராவி அம்மா:
உண்மைதான், நானும் அப்படிச் சொன்னவள்தான். இன்று டியூஷன் அக்காவிடம் பேசினேன். ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மேலாண்மைக் குழுவுக்கான மனுவில் இதுவரை ஆறு தாய்மார்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.