கோத்தகிரி எஸ்டேட் லேண்ட் ரோவருக்கு 8 லட்சம் தகுமா?

குன்னூர்மழை: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் 1949 லேண்ட் ரோவர் நிக்குது. 80 அங்குல வீல்பேஸ், ஹெட்லைட் ரெண்டும் கிரில் வலைக்குப் பின்னால. 8 லட்சம் கேக்கறாங்க. பெட்ரோல் எஞ்சினை எப்பவோ கழட்டிட்டு டீசல் போட்டிருக்காங்க. வாங்கலாமா?

பழையவண்டி_ஊட்டி: வேண்டாம் தம்பி. அந்த 1.6 லிட்டர் ரோவர் எஞ்சின் இல்லைன்னா பாதி மதிப்பு போச்சு. 2021 விதிப்படி, 50 வயசு தாண்டின வண்டிக்கு விண்டேஜ் வண்டின்னு 'விஏ' வரிசை நம்பர் வாங்கணும்னா சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது. பதிவுக்கு 20,000 ரூபாய் கட்ட நீ தயாரா இருந்தாலும் இந்த வண்டிக்குக் கிடைக்காது.

டிரைவர்மகன்: அண்ணா, இதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்கப்பா எஸ்டேட் டிரைவர். ஆடிக் காத்துல ரோடே சேறாக் கிடக்கும்போது கொழுந்து மூட்டையையும், பிரசவ வலியில இருக்கற பொம்பளைங்களையும் இந்த மாதிரி வண்டியிலதான் இறக்கினார். பெட்ரோல் செலவு தாங்காமத்தான் டீசல் போட்டாங்க. போடலைன்னா அன்னைக்கே காயலாங்கடைக்குப் போயிருக்கும். விஏ நம்பர் வாங்கினாலும் தினம் ஓட்ட முடியாதே, அது எதுக்கு?

பழையவண்டி_ஊட்டி: அப்பாவோட உழைப்பைக் குறைச்சுச் சொல்லலை தம்பி. ஆனா சேகரிக்கறவன் 1948-ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில வந்து நின்ன வண்டி எப்படி இருந்துச்சோ, அதுக்குத்தான் காசு கொடுப்பான். டீசல் வண்டிக்கு 8 லட்சம் அநியாயம்.

கல்லட்டி36: எஞ்சினை விடுங்க, தேடினா கிடைக்கும். டிரைவர் காலடியில ஒரு வளையம் இருக்கான்னு பார்த்தியா? இந்த முதல் வண்டிகள்ல நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கும். முன் அச்சுக்குப் போற வழியில ஒரு ஃப்ரீவீல் உண்டு. வளையத்தை இழுத்து அதை லாக் பண்ணலைன்னா, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் முன் சக்கரம் சும்மா உருளும். எஞ்சின் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். கல்லட்டியில 36 கொண்டை ஊசி இறங்கிப் பாரு, அப்பத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு. பின்னால வந்த வண்டிகள்ல ஃப்ரீவீலை எடுத்துட்டு, வேணும்போது மட்டும் முன் சக்கரத்தையும் இழுக்க வைக்க ஒரு மஞ்சள் குமிழ் வெச்சுட்டாங்க. பழைய கியர்பாக்ஸ் அப்படியே இருந்தா நான் வாங்கச் சொல்வேன்.

இன்னொண்ணு, பாடி அலுமினியம், துரு ஏறாதுன்னு நம்பிடாதே. போருக்கு அப்புறம் பிரிட்டன்ல எஃகுத் தட்டுப்பாடு, அதனாலதான் அலுமினியம். சேஸிஸும் டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கற தடுப்பும் இரும்புதான். ரெண்டு உலோகமும் ஒட்டற இடத்துல நம்ம ஊர் ஈரம் நின்னா, அலுமினியம் வெள்ளையாப் பொடிஞ்சு உதிரும்.

குன்னூர்மழை: காலையில போய்ப் பார்த்தேன். வளையம் இருக்கு, இழுத்தா அசையுது. தடுப்புல இடது பக்கம் விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. பழைய எஞ்சினை அப்பவே வித்துட்டதா வாட்ச்மேன் சொன்னார். 5 லட்சம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

பழையவண்டி_ஊட்டி: அதுக்கு மேல ஒரு ரூபாய் ஏறாதே. ஆர்சி புக்குல டீசல் எஞ்சின் நம்பர் ஏறியிருக்கான்னு பார்க்காம முன்பணம் கொடுக்காதே.

டிரைவர்மகன்: எஸ்டேட்டோட பழைய டிரிப் நோட்டு இருந்தா அதையும் கேட்டு வாங்கிடுங்க. யார் யார் ஓட்டினாங்கன்னு அதுல இருக்கும்.