அமெரிக்க நடைபாதையில் மூன்றெழுத்து: சென்னையில் அதற்கு ஈடான தடம் உண்டா?

மந்தைவெளிவாசி (கேள்வி):
சென்ற ஆண்டு ஓஹியோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, காலை நடையில் ஒரு பழைய சிமெண்ட் நடைபாதையின் மூலையில் 'டபிள்யூ.பி.ஏ. 1939' என்று உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தியிருந்ததைப் பார்த்தேன். எழுத்துக் குழிகளில் பாசி படர்ந்திருந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு அரசே கொடுத்த வேலையின் முத்திரை அது என்றும், ஊர் அஞ்சலகச் சுவரில் இருக்கும் ஓவியமும் அதே திட்டத்தில் வரைந்ததுதான் என்றும் மகன் சொன்னான். அதே 1930-களில் சென்னையில் இப்படி ஏதாவது கட்டப்பட்டதா? மேட்டூர் அணையை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஏட்டுப்பூச்சி:
ஐயா, நீங்கள் பார்த்தது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1935-இல் தொடங்கி வைத்து 1943 வரை நடந்த 'ஒர்க்ஸ் ப்ராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' (டபிள்யூ.பி.ஏ.) என்ற வேலைத் திட்டத்தின் முத்திரை. முதலில் ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் நடந்த அந்தத் திட்டத்தில் மொத்தம் சுமார் 85 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். சாலை, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா என்று அவர்கள் கை படாத ஊர் குறைவு. மண்வெட்டியில் சாய்ந்து நின்றே சம்பளம் வாங்குகிறார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் கேலி செய்தன. நூறு நாள் வேலைக்காரர்களைப் பற்றி நம் ஊரில் கேட்கும் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரு திருத்தம். அஞ்சலகச் சுவரோவியங்களில் பெரும்பாலானவை இந்தத் திட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்கக் கருவூலத் துறையில் இருந்த தனிப் பிரிவு, ஓவியர் ஏழையா என்று பாராமல், பெரும்பாலும் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து வரையச் செய்தவை அவை. அமெரிக்கர்களே இதை அடிக்கடி குழப்பிக்கொள்வதால் உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது.

மேட்டூர் சேராது. அது 1925-இலேயே, அதாவது மந்தத்துக்கு நான்கு ஆண்டு முன்பே, பாசனத்துக்காகத் தொடங்கி 1934-இல் முடிந்த வேலை. மந்தத்தின்போது நெல் விலை சரிந்து குடியானவர்கள் கடனில் மூழ்கினார்கள். அரசோ செலவைச் சுருக்குவதிலேயே குறியாக இருந்து, 1931-இல் தன் ஊழியர்களின் சம்பளத்தில் பத்து விழுக்காட்டை வெட்டியது. அப்படிப்பட்ட அரசிடம் ஹாப்கின்ஸ் திட்டத்தைத் தேடினால் கிடைக்காது.

கால்வாய்க்கரையான்:
முப்பதுகளை விட்டு ஐம்பது ஆண்டு பின்னால் போனால் நீங்கள் தேடுவது கிடைக்கும். மந்தைவெளியில் இருந்துகொண்டே கேட்கிறீர்களே என்பதுதான் வேடிக்கை. உங்கள் பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான சுமார் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு, தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழியின்றி வந்த மக்களைக் கூலிக்கு வைத்து 1877-78-இல் வெட்டியது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான பகுதி மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே, 1806-இல், காக்ரேன் என்ற ஆங்கிலேயர் முயற்சியில் தொடங்கியது. பஞ்சகாலத்தில் சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் நிலைத்துவிட்டது.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கத் தயங்குகிறேன். அமெரிக்கத் திட்டம் ஒரு குடும்பம் அரைவயிறாவது உண்ணும் அளவுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. இங்கே பஞ்ச நிலையைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பி 1877 தொடக்கத்தில் வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச வேலைகளில் நாள் முழுதும் வெயிலில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைப்பவன் உயிர் தரிக்க மாட்டான், ஒன்றரை பவுண்டாவது பருப்பு காய்கறியோடு வேண்டும் என்று வாதாடிய பிறகே படி கொஞ்சம் உயர்ந்தது. ஓஹியோவில் வேலை செய்தவர்களின் திட்டம் தன் பெயரைச் சிமெண்டில் பதித்தது. இங்கே மண் வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை, ஆளுநர் பெயர்தான் இருக்கிறது.

விறகுத்தொட்டி வீட்டுப் பெண்:
மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சிறுமியாக இருந்தபோது இந்தக் கால்வாயில் வடக்கேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் வருவதைப் பார்த்திருக்கிறேன். காற்று இல்லாவிட்டால் இருவர் கரையில் நடந்து தோளில் கயிறு கட்டி இழுப்பார்கள். கயிறு பட்ட இடத்தில் அவர்கள் தோலில் கறுத்த தழும்பு இருக்கும். எங்கள் விறகுத் தொட்டிக்குக் கட்டை அப்படித்தான் வந்தது. உப்பும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலும் வரும். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்த பிறகு படகுப் போக்குவரத்து நொடித்தது. பின்னர் ரயிலுக்கான தூண்களைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினார்கள். 1997-இல் திருமயிலை வரை வண்டி ஓடத் தொடங்கியது.

மந்தைவெளிவாசி:
அனைவருக்கும் நன்றி. இருபது ஆண்டுகளாக அந்த நிலையத்தின் படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியிருக்கிறேன். அதைச் சாக்கடை என்றே நினைத்திருந்தேன். இன்று காலை பாலத்தில் நின்று பார்த்தபோது, தூண்களுக்கு நடுவே கறுப்பு நீரும் ஆகாயத்தாமரையும் தெரிந்தன. இரு கரைகளும் கோடு கிழித்தாற்போல நேராக ஓடுவதை இன்றுதான் கவனித்தேன். விறகுத் தொட்டி அம்மா, அந்தக் கட்டைகள் மயிலையில் எந்தத் துறையில் இறங்கின என்று நினைவிருந்தால் எழுதுங்கள். அந்த இடத்தைப் போய்ப் பார்க்க விரும்புகிறேன்.