கருப்பட்டிப் பாகு ஸ்டிக்கி பன்: அடி கல்லாகுது, நடு வேகல

பாளை அடுப்படி:
ஞாயிறு காலை கோயில் முடிஞ்சு வர்ற எட்டு பேருக்கு 10:30 மணிக்கு ஸ்டிக்கி பன் (பாகு மேல மாவுச் சுருளை அடுக்கிச் சுட்டு, கவுத்து எடுக்கிற பன்) சூடா வைக்கணும். உள்ள முந்திரி, பேரீச்சை, திராட்சை. அடியில கருப்பட்டிப் பாகு. மைதா 350 கிராம், 28 லிட்டர் ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்), 180 டிகிரி, 30 நிமிஷம். கவுத்தா பாகு கடலைமிட்டாய் மாதிரி பல்லை உடைக்குது, நடு பன் மட்டும் மாவா நிக்குது. ராத்திரியே உருட்டி ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

உடன்குடி பாகு:
பாகை அடுப்புல எந்தப் பதம் வரைக்கும் விடுதிய? கம்பிப் பதம்னா அங்கதான் தப்பு. அதிரசத்துக்குப் பழகின கை இங்க ஆகாது. இந்தப் பாகு ஓவன்ல இன்னொரு அரை மணி நேரம் கொதிக்கும், மிச்சத் தண்ணியும் அங்க வத்திரும். அடுப்புலயே கம்பி வந்தா ஓவன்ல உருட்டுப் பதத்தைத் தாண்டும், ஆறினா கல்லுதான்.

கருப்பட்டி 120 கிராமைத் தட்டி, 60 மில்லி தண்ணில கரைச்சு வடிகட்டுங்க. பதநீர்ல சுண்ணாம்பு சேர்க்குததால அடியில வண்டலும் மண்ணும் நிக்கும், கடைசி ஸ்பூனை ஊத்தாதிய. வடிச்சதை ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு இறக்கி, வெண்ணெய் 60 கிராம், ஃபிரெஷ் கிரீம் 3 டேபிள்ஸ்பூன், தேன் 1 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தேன் எதுக்குன்னா, பாகு சர்க்கரையா பூத்துப் போகாம இருக்க. கரண்டியில எடுத்து ஊத்தினா எண்ணெய் மாதிரி ஓடணும், நூல் இழுக்கக் கூடாது. தண்ணியா இருக்கேன்னு பயப்படாதிய. கிரீம் இல்லன்னா கெட்டித் தேங்காய்ப்பால் போதும், அதுக்கும் ருசி நல்லாத்தான் இருக்கும்.

தென்காசி சாரல்:
பாகு சரி. நடு வேகாததுக்குக் காரணம் வேற. ஊறின திராட்சையை ஈரத்தோட போட்டா சுருளுக்குள்ள தண்ணி விட்டு மாவு சதசதன்னு ஆயிடும். வெதுவெதுப்பான தண்ணில 15 நிமிஷம் ஊறினா போதும். வடிச்சு, துணியில ஒத்தி எடுங்க. ஊறவைக்காமலும் போடாதீங்க, வெளிய தெரியறது கருகிக் கசக்கும். இன்னொண்ணு, சுருளை இறுக்கிச் சுத்தறது. இறுக்கினா மாவு உப்ப இடமில்லாம நடுவுல கூம்பா மேல எழும்பும்.

மாவுக்கு: மைதா 350, பால் 150 மில்லி, முட்டை 1, சர்க்கரை 45, வெண்ணெய் 50, உப்பு 5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். நம்ம ஊர் வெக்கைக்குப் பாலை ஃபிரிட்ஜ்ல இருந்து அப்படியே ஊத்துங்க. வெதுவெதுப்பான பால்னு எழுதற குறிப்பெல்லாம் குளிர் ஊருக்கு. வெண்ணெயைக் கடைசியில சேர்த்து, மொத்தம் 12 நிமிஷம் பிசையணும். ஒரு துண்டை இழுத்தா கிழியாம மறுபக்கம் வெளிச்சம் தெரியணும். பட்டைத் தூளை மாவுல கலக்காதீங்க, ஈஸ்ட்டை மந்தமாக்கும். உள்ள தடவற வெண்ணெயோட போதும்.

ஃபிரிட்ஜ் தாராளமா வைக்கலாம். சனி சாயங்காலம் 7 மணிக்குப் பிசைஞ்சா, 8 மணிக்குள்ள ரெண்டு மடங்கு ஆயிடும் (குற்றாலத்துல சாரல் அடிக்கிற நாள்னா ஒண்ணரை மணி நேரம்). 40×30 செ.மீ. அளவுக்குத் தேய்ச்சு, சுருட்டி, 9 துண்டு. கத்தி அமுக்கிடும். தையல் நூலைச் சுருளுக்கு அடியில கொடுத்து, ரெண்டு முனையையும் மேல கொண்டுவந்து குறுக்கா இழுங்க, வட்டம் சிதையாம வரும். 8 இஞ்ச் சதுர டின்ல பாகை ஊத்தி, அதுக்கு மேல துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, மூடி, 9 மணிக்கு ஃபிரிட்ஜ். காலை 8:15க்கு வெளிய. விரலால தொட்டா குழி மெதுவா பாதி எழும்பணும். சட்டுன்னு எழும்பினா இன்னும் பொறுங்க. 9:20க்கு ஓவன்.

பாளை அடுப்படி:
வர்றதுல ரெண்டு பேர் முட்டை சேர்க்காதவங்க. கண்ணாடி டின் இருக்கு, அதுல வைக்கலாமா?

தென்காசி சாரல்:
முட்டைக்குப் பதில் பால் 40 மில்லி, வெண்ணெய் 10 கிராம் கூட்டுங்க. மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் காயும், அன்னைக்கே தீர்ந்திடும்னா கவலையில்ல.

நெல்லை ஓவன்:
கண்ணாடி வேண்டாம். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துச் சூட்டுல வச்சா விரிசல் விடும். அடி கழர்ற டின்னும் வேண்டாம், பாகு ஒழுகி ராடுல சொட்டிப் புகையும். அலுமினிய டின், கீழ்த் தட்டு.

சின்ன ஓடிஜில மேல் ராடு பக்கத்துலயே இருக்கும், மேல சிவந்ததும் வெந்துட்டுன்னு நம்பிராதிய. 175 டிகிரி, 15 நிமிஷத்துல மேல ஃபாயில், மொத்தம் 30 நிமிஷம். நடு பன்னுல தெர்மாமீட்டர் 90 காட்டணும். அது இல்லன்னா குச்சி குத்திப் பாருங்க, பாகு ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது.

முந்திரியை 160 டிகிரில 6 நிமிஷம் வறுத்துட்டுத்தான் போடணும், பச்சையா போட்டா பாகுல ஊறி ரப்பர் ஆயிரும். உள்ள போறதை மிளகு அளவுக்கு உடைங்க. பெரிய துண்டு மாவைக் கிழிக்கும். முழு முந்திரி அடியில, பாகுக்கு மேல, முதுகுப் பக்கம் கீழ பார்க்க.

வெளிய எடுத்து 5 நிமிஷம் கழிச்சுக் கவுக்கணும். உடனே கவுத்தா பாகு தட்டுல ஓடிரும், 15 நிமிஷம் விட்டா டின்னைப் பிடிச்சுக்கும். பிடிச்சுட்டுன்னா கத்தி விடாதிய, டின்னை 3 நிமிஷம் திரும்ப ஓவன்ல வச்சுக் கவுத்தா வழுக்கிட்டு வரும். தட்டு டின்னை விடப் பெருசா, விளிம்பு உள்ளதா இருக்கணும். கையில துணி சுத்திக்கோங்க, அந்தப் பாகு தோல்ல விழுந்தா உரிச்சிரும்.