கார்ப்பெட்டில் சாம்பார் கொட்டியது, சோடா போட்டதும் கறை சிவந்துவிட்டது. யாராவது உதவுங்கள்

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சியில் வாடகை அபார்ட்மென்ட், ஹால் முழுக்க க்ரீம் நிற நைலான் கார்ப்பெட். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா ஞாயிறு காலை இட்லித் தட்டோடு சோபாவிலிருந்து எழுந்தபோது கிண்ணம் சரிந்து சாம்பார் மொத்தமும் கொட்டிவிட்டது. நான் பதறிப்போய் வெந்நீரையும் துணி துவைக்கும் லிக்விடையும் ஊற்றி, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். பருப்பும் எண்ணெயும் போய்விட்டன. உள்ளங்கை அளவு இருந்த மஞ்சள் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவிவிட்டது. ராத்திரி பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசிவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் செங்காவி நிறம்! அடுத்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம், டெபாசிட் பணம் வேறு நிற்கிறது. அதைவிட, அன்றிலிருந்து அம்மா ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார், அதைத்தான் பார்க்க முடியவில்லை. சோடா பட்டு கார்ப்பெட் வெந்துவிட்டதா? இனி என்ன செய்யலாம்?

புதுக்குடித்தனம்:
அக்கா, எங்கள் வீட்டு வெள்ளைத் துணிக்கெல்லாம் பிளீச்தான். ஒரு மூடி ஊற்றிப் பாருங்களேன்.

சாயப்பட்டறை:
வேண்டவே வேண்டாம். குளோரின் பிளீச் நைலான் இழையைக் கெடுக்கும், கம்பளியைக் கரைத்தே விடும். வினிகரோடு சேர்ந்தால் அதிலிருந்து குளோரின் வாயு வேறு கிளம்பும், மூடிய வீட்டில் அது உயிருக்கே ஆபத்து.

தங்கச்சி, நான் திருப்பூரில் பல வருஷம் சாய வேலை பார்த்தவன். உங்கள் கார்ப்பெட் வேகவில்லை, பயப்படாதீர்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவக்கிறதே, உங்கள் ஹாலில் நடந்ததும் அதுதான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு மாதிரி அல்கலி) பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சோடாவும் காரம், சலவை லிக்விடிலும் பெரும்பாலும் காரம்தான்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் சாதாரண அழுக்கு இல்லை, அது சாயம், சாயம் பிடிக்க நாங்கள் சேர்க்கும் படிகாரம்கூட இல்லாமல் நூலில் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால்தான் வெந்நீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கப் பரவியது. ஆனால் வெயிலுக்கு நிற்காத சாயம், எங்கள் தொழிலில் அதன் பெரிய குறையே அதுதான், உங்களுக்கு அதுவே வழி.

முதலில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள், சிவப்பு இறங்கி மஞ்சளாகும் (கறை போகாது, சோடாவின் காரம்தான் போகும்). பிறகு வெறும் தண்ணீரால் நன்றாக ஒற்றி வினிகரை எடுத்துவிடுங்கள். அடுத்து வெள்ளைத் துணியில் ரப்பிங் ஆல்கஹால் (மருந்துக்கடையில் விற்கும், குடிக்கக் கூடாத ஆல்கஹால்) நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுங்கள், துணி மஞ்சளாக ஆக வேறு இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். கார்ப்பெட் மேல் நேராக ஊற்றாதீர்கள், அடியில் உள்ள பசை இளகிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக் கூடாது.

மிச்சத்துக்கு மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. சோபாவுக்கு அடியில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பின் நிறம் மாறவில்லை என்றால் மட்டும் கறையில் தெளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒற்றி எடுத்து, தேவையானால் மறுபடி. வினிகரோடு ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பகலில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் நேராக விழவிடுங்கள்.

எடிசன்வாசி:
அண்ணா, ரொம்ப நன்றி. வினிகர் பட்டதும் சிவப்பு கண் முன்னாலேயே மஞ்சளானது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆல்கஹாலில் நாலு துணி மஞ்சளானது. பெராக்சைடு போட்டு நேற்று ராத்திரி கறையே தெரியவில்லை, ஆனால் காலையில் காய்ந்ததும் வெளிறிய மஞ்சள் வளையம் திரும்ப வந்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

டொராண்டோ_மாமி:
தப்பு ஒன்றுமில்லைம்மா. முதல் நாள் ஊற்றிய தண்ணீரோடு சாம்பாரும் அடி பஞ்சுக்குள் இறங்கியிருக்கும். மேலே காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அது இழை வழியாக மேலே வருகிறது. லேசாக ஈரப்படுத்தி, மடித்த வெள்ளைத் துண்டைப் போட்டு, மேலே தண்ணீர் நிரப்பிய பெரிய குக்கரை ராத்திரி முழுக்க வை. நுனிக்கு வரும் கறையைத் துண்டு இழுத்துக்கொள்ளும். கலர் துண்டு வேண்டாம், அதன் சாயம் இறங்கிவிடும். ஸ்டீம் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா என்று தோன்றும், கறை முழுக்கப் போகும்வரை சூடு காட்டாதே.

உன் அம்மாவுக்கு ஒன்று சொல். எங்கள் வீட்டில் ரசம் கொட்டாத கார்ப்பெட்டே இல்லை.

காபிப்பிரியன்:
இங்கேயே கேட்டுவிடுகிறேன், எங்கள் வீட்டில் காஷ்மீர் கம்பளி விரிப்பு, அதில் பால் விட்ட ஃபில்டர் காபி. இதே முறை சரிவருமா?

சாயப்பட்டறை:
கம்பளிக்கு இது வேண்டாம் சார். பால் இருப்பதால் குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் பால் புரதம் இறுகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு, ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்து ஒற்றி, வெறும் தண்ணீரால் முடியுங்கள். என்சைம் போட்ட சலவைப் பொடி கூடாது. புரதத்தைத் தின்னும் என்சைமுக்குப் பாலும் கம்பளியும் ஒன்றுதான். கை முடிச்சு விரிப்பு என்றால் முதலில் பின்பக்க ஓரத்தில் ஈரத்துணி வைத்துச் சாயம் இறங்குகிறதா பாருங்கள், இறங்கினால் தொடாமல் ஆள் வைத்துக் கழுவக் கொடுத்துவிடுங்கள்.

எடிசன்வாசி:
ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். குக்கரை இரண்டு ராத்திரி வைத்தேன், முதல் நாள் துண்டில் மஞ்சள் வட்டம், இரண்டாம் நாள் லேசாக. பெராக்சைடு இன்னொரு முறை, பிறகு ஜன்னல் வெயில். இப்போது எங்கே கொட்டியது என்று தெரிந்தவர் குனிந்து பார்த்தால்தான் கொஞ்சம் தெரிகிறது. ஒரு இடத்தில் இழை பிரிந்து நிற்கிறது, அது நான் பிரஷ் போட்ட இடம், அதைச் சரிசெய்ய வழியில்லை என்று நினைக்கிறேன். இன்று காலை அம்மா சோபாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், பொடி தொட்டுக்கொண்டு. சாம்பார் ஊற்றட்டுமா என்றேன், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.